பூச்சி போய்விட்டான்

கடைசிப் பெஞ்சு | ஞாயிறு, இரவு 9.40

கோவை வேளாண் கல்லூரியில் 1991-ல் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தலைப்பே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூச்சி என்பது எங்கள் வகுப்புத் தோழனின் பட்டப்பெயர். சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்களில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. வியாழக்கிழமை விடியற்காலையில் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊரில், தன் வீட்டிலேயே, மாரடைப்பில் இறந்துவிட்டான். வயது 51.

நான் தூத்துக்குடியில் இருக்கிறேன். செய்தி வந்தபோது மணி பதினொன்று. பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. எல்லாம் முடிந்து, பந்தலுக்குக் கீழே வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர், "தம்பி எந்த ஊர்? என்ன உறவு?" என்று கேட்டார். வாய் தவறி, "பூச்சியுடன் படித்தவன்" என்று சொல்லிவிட்டேன். "எந்தப் பூச்சி?" என்றார். முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தில் அவனுடைய உண்மைப் பெயர் அந்த நேரத்துக்கு எனக்கு நாக்கில் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இரண்டாம் ஆண்டில் எல்லோரும் பூச்சிப் பெட்டி ஒப்படைக்க வேண்டும் என்பது நினைவிருக்கும். கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி. அதற்குள் ஐம்பது பூச்சிகள், வரிசை வரிசையாக, ஊசி குத்தி, சீட்டு எழுதி. எனக்குப் பூச்சி என்றாலே அருவருப்பு. பெட்டியை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது அவன் வந்து, "எத்தனை வைத்திருக்கிறாய்?" என்றான். "ஒரு கரப்பான்" என்றேன். அன்று இரவு லாலி ரோட்டுத் தெருவிளக்கின் கீழே என்னுடைய வெள்ளை வேட்டியை விரித்து உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. பிள்ளைப்பூச்சி, காண்டாமிருக வண்டு, ஈசல், பெயர் தெரியாத பத்துப் பதினைந்து என்று வேட்டி நிறைந்துவிட்டது. நான் குடை பிடித்தேன். அவன் எத்தில் அசிடேட் நனைத்த பஞ்சு வைத்த குப்பிக்குள் ஒவ்வொன்றாக இறக்கினான். இறக்கும்போது ஏதோ முணுமுணுப்பான். மன்னிப்புக் கேட்கிறானோ என்று நினைத்தேன். கேட்டுப் பார்த்தால் லத்தீன் பெயர்.

எழுத வேண்டியவர்கள் எழுதுங்கள். எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் இன்று முடியவில்லை.


நெல்லைக்காரன் | ஞாயிறு, இரவு 10.05

ஐம்பது இல்லை, எழுபத்தைந்து. எனக்கு இப்போதும் கனவில் அந்த எண்தான் வருகிறது.

அவன் கையெழுத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே. விரல் நகம் அளவுச் சீட்டில் இந்திய மையால் ஊர், தேதி, எந்தப் பயிர், சேகரித்தவர் பெயர் நான்கையும் எழுதுவான். எங்கள் விடுதித் தளத்தில் பாதிப் பெட்டிகளுக்குச் சீட்டு அவன் எழுதியதுதான். சேகரித்தவர் என்ற இடத்தில் எங்கள் பெயர் இருக்கும். பிடித்தது அவன், எழுதியது அவன், பெயர் எங்களுடையது.


லாலி ரோடு | ஞாயிறு, இரவு 11.20

பெண்கள் விடுதியிலிருந்து ஒரு சாட்சி வேண்டாமா?

பேன் கதை உங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. எத்தனை வரிசைப் பூச்சிகள், அதாவது பூச்சியினத்தின் எத்தனை பெரும்பிரிவுகள், பெட்டியில் இருக்கின்றனவோ அதற்கும் மதிப்பெண் உண்டு. பேன் அன்றைய பாடத்தில் சைஃபன்குலேட்டா என்று தனி வரிசை. பையன்கள் விடுதியில் மூட்டைப்பூச்சிக்குப் பஞ்சமில்லை, பேனுக்குத்தான் வழியில்லை. ஒரு நாள் மண்ணியல் வகுப்பில் பின்னாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதுவரை நமது வகுப்பில் துண்டுச் சீட்டு வந்தால் ஒரே ஒரு பொருள்தான். என் பக்கத்தில் இருந்தவள் என்னைவிட முன்னால் வெட்கப்பட்டாள். பிரித்தால், "பேன் வேண்டும். அவசரம்" என்று இருந்தது.

என் தலையில் பேன் இருக்கிறது என்று இவன் எப்படி முடிவு செய்தான் என்ற கோபத்தில் மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் விசாரித்தால், வகுப்பில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அதே சீட்டை அனுப்பியிருக்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்வார்களா? நான்காம் நாள் போட்டோ ஃபிலிம் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து, இரண்டு பேன்களைப் போட்டு, நூலக வாசலில் வைத்துக் கொடுத்தேன். என் தலையிலிருந்து எடுத்ததா, அறைத்தோழியின் தலையிலிருந்தா என்பதை முப்பது வருடமாக நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒன்று ஆண், ஒன்று பெண்" என்றான். நன்றிகூடச் சொல்லவில்லை. அவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு ஆணின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேறு யாராவது எழுதுங்கள். சிரித்துக்கொண்டே அழுதால் பக்கத்து அறையில் இருக்கும் மாமியார் பயப்படுகிறார்.


விதைநேர்த்தி | திங்கள், காலை 6.15

இறந்தவுடன் ஒருவனைத் தெய்வமாக்கும் வேலை தொடங்கிவிட்டது. நான் அவனோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவன் என்பதால் சில திருத்தங்கள்.

ஒன்று, அவன் பூச்சிகளைத் தானமாகக் கொடுக்கவில்லை. விலை உண்டு. சாதாரண வெட்டுக்கிளிக்கு ஒரு டீ. பொன்வண்டுக்கு டீயும் இரண்டு பஜ்ஜியும். குச்சிப்பூச்சி என்றால் இரவுச் சாப்பாடு. கடைசிப் பெஞ்சுக்காரன் அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததை வசதியாக மறந்துவிட்டான்.

இரண்டு, அவனோடு ஒரே அறையில் இருப்பது நரகம். என் தலையணைக்கு அருகே ஊதா நிறக் கத்தரிக்காயில் காய்ப்புழு வளர்த்தான். புழு கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சி வரும்வரை நான் விளக்கைப் போடக்கூடாது என்று உத்தரவு.

மூன்று, கடன். உரக்கடை வைக்க 2003-ல் என்னிடம் நாற்பதாயிரம் வாங்கினான். ஒரு வருடத்தில் தருகிறேன் என்றவன் ஆறு வருடம் கழித்துத் தந்தான். இடையில் நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. அதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்ப எடுக்கப் போவதில்லை, ஏனென்றால் அவனே அதையெல்லாம் நியாயம் என்று ஒப்புக்கொண்டவன்.

நல்ல நண்பன்தான். ஆனால் நல்ல நண்பன் என்பதற்கு இதெல்லாம் நடக்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.


கடைசிப் பெஞ்சு | திங்கள், காலை 8.30

சாப்பாடு வாங்கிக் கொடுத்தது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம் அவனுக்கு வீட்டிலிருந்து மணியார்டர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். சும்மா வாங்கிக் கொடுத்தால் சாப்பிடமாட்டான் என்பதும் தெரியும். உனக்கும் தெரிந்திருக்க வேண்டும், நீதானே அறைத்தோழன்.


விதைநேர்த்தி | திங்கள், காலை 8.52

தெரியாது. என்னிடம் அவன் சொன்னதில்லை.


நெல்லைக்காரன் | திங்கள், பிற்பகல் 1.10

படிப்பு முடிந்து ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தானே, அது எத்தனை வருடம்? நான் அவனை அப்போது மதுரையில் பார்த்தேன். டை கட்டியிருந்தான். கழுத்தில் கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி திருகித் திருகி நின்றான். மாதம் இத்தனை லிட்டர் விற்க வேண்டும் என்று இலக்கு. வயலுக்குப் போனால் தும்பியும் சிலந்தியும் நிறைய இருக்கின்றன, அடிக்க வேண்டாம் என்று விவசாயியிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவானாம். மேலாளர் அவனைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்பளம் கொடுப்பது சிலந்தியா?" என்று கேட்டிருக்கிறார். இதை அவனே நடித்துக் காட்டினான். நல்ல கேள்விதான் என்று நானும் அன்று சிரித்தேன்.


94 தொகுதி | திங்கள், இரவு 7.45

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் மூன்று வருடம் ஜூனியர். கல்லூரியில் பூச்சி அண்ணனை எட்ட நின்று பார்த்ததோடு சரி. பழகியது பின்னால்தான், பப்பாளி மாவுப்பூச்சி வந்த காலத்தில். அந்தக் கதையை இங்கே யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளியில் அந்த மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இங்கே அதைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு எதிரி கிடையாது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று ஏறியது. ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் வேலியோரச் செடிகள்கூட மாவு தூவியது போல வெளுத்து நின்றன. உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து ஒட்டாது. அடித்தாலும் பத்து நாளில் திரும்ப வரும். மல்பெரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். இலையில் மருந்து இருந்தால் பட்டுப்புழு செத்துவிடும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது. தோட்டத்தை வேரோடு பிடுங்கியவர்கள் உண்டு.

அண்ணன் அப்போது உரக்கடை வைத்திருந்தார். கடைவாசலில் கூட்டம். மருந்துக் கடைக்காரருக்கு வாழ்நாளில் ஒரு முறை வரும் வியாபாரம் அது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில், "மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்" என்று எழுதிக் கடை முன்னால் மாட்டினார். அண்ணி அதைக் கழற்றினார். அண்ணன் மறுபடி மாட்டினார். இது ஒரு மாதம் நடந்தது.

2010-ல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அதில் நன்றாக நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்காதீர்கள். கடுகைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும். கோவையில் நமது பல்கலைக்கழகத்திலும் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். நான் அப்போது சத்தியமங்கலம் பக்கத்தில் வேலையில் இருந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் அண்ணனைப் பார்த்தேன். மடியில் துணிப்பை. அதைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். உள்ளே மூடியில் மெல்லிய துணி கட்டிய குப்பிகள். பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்த ஒருவரிடம், "வெயில் படாத பக்கம் கொடுங்கள், பிள்ளைகள் தாங்காது" என்றார். அவர் சுற்றுமுற்றும் பிள்ளைகளைத் தேடினார்.

என்னையும் கூட இழுத்துக்கொண்டு போனார். தோட்டம் தோட்டமாக நடந்து, மாவுப்பூச்சி அப்பிய கிளையில் குப்பியைக் கட்டுவோம். "மூன்று மாதம் எதையும் தெளிக்காதீர்கள்" என்று ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வார். நம்பாதவர்கள் அதிகம். கண்ணுக்குத் தெரியாத கொசு வந்து காப்பாற்றுமா என்று கேட்டார்கள். சில மாதங்களில் இலை பச்சையாகத் துளிர்த்தது. எங்கள் பக்கத்தில் மறு வருடம் மாவுப்பூச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இது ஆய்வாளர்கள் செய்த வேலை, அண்ணன் செய்தது அல்ல. அவர் கடைசி நாலு மைல் சுமந்தவர். ஆனால் அந்த நாலு மைலுக்கு வேறு ஆள் இல்லை.

கடை அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.


விதைநேர்த்தி | திங்கள், இரவு 9.30

தம்பி, இந்தக் கதை நடந்த வருடங்களில்தான் நான் அவனிடம் கடனைக் கேட்டுத் தினமும் போன் செய்துகொண்டிருந்தேன். மருந்துக்கடை வைத்திருக்கிறாய், ஊரெல்லாம் பூச்சி, உனக்குப் பணமில்லையா என்று கேட்டேன். "வியாபாரம் கொஞ்சம் மந்தம்" என்றான்.

2009 கடைசியில் திருப்பித் தந்தான் என்றால், அந்த மாவுப்பூச்சி உச்சத்தில் இருந்த நேரம். எதை விற்றுத் தந்தான் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.


லாலி ரோடு | திங்கள், இரவு 10.15

நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படக்கூடாது. நமது வாட்ஸ்அப் குழுவை எத்தனை பேர் ஒலி நிறுத்தி வைத்திருந்தீர்கள்? நான் வைத்திருந்தேன். காரணம் அவன்தான். எல்லோரும் பூங்கொத்துப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லும்போது இவன் மட்டும் ஏதாவது ஒரு பூச்சியின் படத்தைப் போட்டு, "இது என்ன வரிசை?" என்று கேட்பான். காப்பி குடிக்கும் நேரத்தில் கம்பளிப்பூச்சியின் வாய். முதல் வருடம் பதில் சொன்னோம். பிறகு கட்டைவிரல். பிறகு அதுவும் இல்லை.

இன்று உட்கார்ந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இந்த வருடம் மட்டும் நாற்பத்தோரு படம். பதில் வந்தது மூன்றுக்கு. கடைசிப் படம் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால். பார்க்க கும்பிடுபூச்சி மாதிரி இருக்கிறது. அதையும் வழக்கம் போல "என்ன வரிசை?" என்று கேட்டிருக்கிறான். பதில் யாரும் போடவில்லை.


நெல்லைக்காரன் | திங்கள், இரவு 10.22

பார்த்தேன். கும்பிடுபூச்சிதான். இதில் கேட்க என்ன இருக்கிறது?


கடைசிப் பெஞ்சு | திங்கள், இரவு 10.40

நானும் கும்பிடுபூச்சி என்றுதான் சொல்வேன். ஆனால் அவன் அவ்வளவு எளிதாகக் கேட்பவன் இல்லை.


விதைநேர்த்தி | செவ்வாய், காலை 5.50

கும்பிடுபூச்சி இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்கால் மட்டும்தான் கும்பிடுகிறது. இறக்கையைக் கவனியுங்கள். கும்பிடுபூச்சிக்கு மேல் இறக்கை தோல் மாதிரி தடித்து, முதுகின் மேல் தட்டையாகப் படிந்திருக்கும். இதற்கு நான்கு இறக்கையும் கண்ணாடி, நரம்பு பின்னியது, கூரை போலச் சரிந்திருக்கிறது. உணர்கொம்பும் குட்டை. இது மாண்டிஸ்பிட். நியூராப்டிரா வரிசை. குழியானையும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் இதன் பங்காளிகள். கும்பிடுபூச்சிக்கும் இதற்கும் உறவே கிடையாது. இதன் புழு சிலந்தியின் முட்டைப் பைக்குள் புகுந்து முட்டைகளைத் தின்று வளரும்.

இரவு முழுக்க உட்கார்ந்து பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். ராமபாணம் அரித்த புத்தகம். அதையும் அவன் பிடித்துப் பெட்டியில் போட்டிருப்பான். குழுவில் பதிலைப் போட்டுவிட்டேன். பதிலைப் பார்த்தவர்கள் பட்டியலில் அவனுடைய எண்ணும் வந்திருக்கிறது. யார் பார்த்தது?


புதிய உறுப்பினர் | செவ்வாய், பிற்பகல் 3.05

வணக்கம். நான் பார்த்தேன். நீங்கள் பூச்சி என்று எழுதுபவரின் மகள் நான். அப்பாவின் போன் என்னிடம் இருக்கிறது. குழுவில் வந்த இணைப்பைத் தொட்டு இங்கே வந்தேன். அனுமதி கேட்காமல் எல்லாவற்றையும் படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். வீட்டில் அப்பாவை யாரும் பூச்சி என்று கூப்பிட்டதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "பேன் கேட்டானா?" என்று ஐந்து நாளில் முதல் முறையாகச் சிரித்தார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பரண் மேல் அப்பாவின் பூச்சிப் பெட்டிகள் நான்கு இருக்கின்றன. நேற்று இறக்கினேன். சீட்டுகளில் அப்பாவின் பெயர் இல்லை. பதினோரு வேறு பெயர்கள். கையெழுத்து மட்டும் அப்பாவுடையது. வடவள்ளி, மருதமலை அடிவாரம், லாலி ரோடு, எல்லாம் 1992, 93. இவை உங்கள் பெட்டிகளா? அப்பா ஏன் வைத்திருந்தார்?


நெல்லைக்காரன் | செவ்வாய், பிற்பகல் 3.40

கண்ணு, எங்கள் பெட்டிகள்தான். மதிப்பெண் போட்டு முடித்ததும் நாங்கள் அவற்றை விடுதி மாடிப்படிக்குக் கீழே வீசிவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். அவன் பொறுக்கி எடுத்துப் போயிருக்கிறான். எனக்கு இன்றுதான் தெரியும்.


லாலி ரோடு | செவ்வாய், மாலை 4.00

அம்மா, பெட்டிகளோடு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் ஏதாவது இருக்கின்றனவா? சாராயத்தில் ஊறப்போட்டது மாதிரி?


புதிய உறுப்பினர் | செவ்வாய், மாலை 4.35

இருக்கிறது அத்தை. நான்காவது பெட்டியின் மூலையில் ஒன்று. உள்ளே இரண்டு சிறிய புள்ளிகள் தெரிகின்றன. சீட்டில், "பெண்கள் விடுதி, 8.2.93. சேகரித்தவர்: பெயர் வேண்டாம் என்றார்" என்று இருக்கிறது.


லாலி ரோடு | செவ்வாய், மாலை 4.36

நான் அப்படிச் சொன்னதே எனக்கு மறந்துவிட்டது.


புதிய உறுப்பினர் | செவ்வாய், மாலை 5.10

இன்னொரு கேள்வி. இரண்டு பெட்டிகளில் வண்டுகளுக்குக் கீழே பழுப்புத் தூள் கொட்டியிருக்கிறது. முடி முடியாக ஒரு சின்னப் புழு நெளிகிறது. பாச்சை உருண்டை போட்டால் போதுமா? அப்பா இருந்தால் கேட்டிருப்பேன்.


விதைநேர்த்தி | செவ்வாய், மாலை 5.25

போதாது. பாச்சை உருண்டை புதிதாக வருவதைத் தடுக்கும், உள்ளே இருப்பதை ஒழிக்காது. அது டெர்மெஸ்டிட் வண்டின் புழு. அருங்காட்சியகங்களையே தின்று தீர்க்கும் ஜாதி. அப்படியே விட்டால் ஊசியும் சீட்டும்தான் மிஞ்சும்.

நான் சொல்வதைச் செய். பெட்டியை அப்படியே ஒரு கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, காற்று புகாமல் ஒட்டு. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் உறையும் அறையில், இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதே. ஒரு நாள் முழுக்க மூடியபடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் பூச்சியின் மேல் படிந்து பூஞ்சை வரும். தூளை மெல்லிய தூரிகையால் தட்டு. ஊசியைப் பிடி, பூச்சியைத் தொடாதே. வண்டுகளுக்கு ஊசி வலது இறக்கையில் குத்தியிருக்கும், நடுவில் இல்லையே என்று மாற்றிக் குத்திவிடாதே. அதுதான் முறை.

நான் அடுத்த மாதம் வருகிறேன். வந்து மற்றதைப் பார்க்கலாம்.


புதிய உறுப்பினர் | செவ்வாய், இரவு 8.50

நன்றி மாமா. எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் போகும். அம்மா மீன் வைக்கும் இடம் அது. கேட்கவே பயந்தேன். மீனை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அவரே துடைத்து வைத்திருக்கிறார். எந்தப் பெட்டியை முதலில் வைக்கட்டும்?


லாலி ரோடு | செவ்வாய், இரவு 8.52

நான்காவது. குப்பியை மட்டும் வெளியே எடுத்துவிடு, அம்மா. கண்ணாடி, பெட்டி அசைந்தால் உடைந்துவிடும்.